கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவன்

தூத்துக்குடியில் ஐந்து வருஷம் இருந்தேன். அந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் உப்பளத்துப் பூநாரைகளைப் பற்றிச் சொல்வேன். தேரிக்காட்டுச் செம்மணல், படகோடு போட்டிபோட்டு நீந்தும் ஓங்கில் என்கிற டால்பின்கள், தீவுக் கரையில் முட்டையிட வரும் ஆமை என்று சொல்லிக்கொண்டே போவேன். கொடுத்துவைத்தவர் சார் நீங்கள் என்பார்கள். நானும் தலையாட்டுவேன். அங்கே ஒரு குடும்பத்தைப் பிரித்துவைத்துவிட்டு வந்தேன் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. அதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான்கு நாளாகப் பூநாரையைப் பற்றியே எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு கல்லூரிக்கு விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராகப் போனேன். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. சொந்த ஊர் சேலத்துக்குப் பக்கம். ஏரி நிரம்பினால் அதையே கடல் என்று பெருமையடித்துக்கொள்ளும் ஊர். மீனை அறுத்துப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவனே தவிர, கடல்மீனை உயிரோடு பார்த்தது தூத்துக்குடியில்தான். தண்டவாளம் முடிகிறது, அதற்கப்புறம் தண்ணீர். உலகத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஓரம் இல்லை, நடுவீடு என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வடக்கே உப்பளங்கள். பாத்தி வரப்புகளில் பவளக்கால் உள்ளான்கள் குச்சிக் கால்களை அளந்து அளந்து வைத்து நடக்கும். மாசி வாக்கில் பூநாரைகள் வந்து இறங்கும். தூரத்தில் பார்க்கும்போது துவைத்த துணியை யாரோ தண்ணீர்மேல் காயப்போட்டது மாதிரி இருக்கும். நெருங்கிப் போனால் அத்தனையும் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். உப்பு வாரும் பெண்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று நோட்டில் குறைபட்டு எழுதியிருக்கிறேன். வெறுங்காலோடு அந்த உப்பில் நின்ற பெண்களை நான் ஏறெடுத்துப் பார்த்தேனா என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வேம்பார் பஸ்ஸில் ஏறினால் பனையும் உடைமரமும் கூடவே ஓடிவரும். தெற்கே காயல்பட்டினத்துச் சந்துகளில் வழி தெரியாமல் சுற்றி, வழி கேட்ட வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, தேரிப் பக்கம் போவேன். தாமிரபரணி கடலில் விழும் இடத்தில் சேற்றுத் திட்டு முழுக்க ஆலாப் பறவைகள் கத்திக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன். எழுதிக்கொண்டதெல்லாம் எனக்குச் சொந்தம் என்ற ஒரு நினைப்பு எப்படியோ வந்துவிட்டது. அப்போது கடற்கரையில் ஞாயிறு காலை ஆமை அறுப்பார்கள். சூடாக ரத்தம் பிடித்துக் குடித்தால் மூலத்துக்கு நல்லது என்று கண்ணாடிக் கிளாஸோடு வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் என்னிடமும் ஒரு கிளாஸை நீட்டினார்கள். எனக்கு மூலமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளியூர்க்காரன் என்று சிரித்துவிடுவார்களோ என்று வாங்கிக் குடித்தேன். வீட்டுக்கு வந்து வாயைக் கழுவிவிட்டு அந்த ஆமையின் லத்தீன் பெயரை எழுதிவைத்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் துறையில் மியூசியம் என்று ஓர் அறை இருந்தது. அதில் காலிப் பாட்டில்கள்தான் அதிகம். அதை நிரப்பிக் காட்டுகிறேன் என்று துறைத் தலைவரிடம் வீரம் பேசினேன். அதற்குக் கடலுக்குள் போயாக வேண்டும். கடற்கரையில் நாலைந்து பேரிடம் கேட்டேன். பெரும்பாலும் சிரித்தார்கள். ஒரே ஒருவர் சரி என்றார். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்துத் தூண்டில் போடுகிறவர். வள்ளக்காரர் என்றே இங்கே சொல்கிறேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வாய் ஓயாது. என் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, சார் ஊறுகாய் போடப் போறாரு என்று கடற்கரை முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அங்கே எனக்கு ஊறுகாய் சார் என்றே பெயர்.

அவர் வள்ளத்தில் கூட வருவது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருஷமாகியிருந்தது. அந்த ஆள் சீசனில் சங்கு குளிப்பார், மற்ற நாளில் அக்காள் புருஷனோடு தூண்டிலுக்கு வருவார். வள்ளக்காரர் பேசும் அளவுக்கு அவர் பேசமாட்டார். தண்ணீருக்குள் அதிக நேரம் இருக்கிறவனுக்குப் பேச்சு எதற்கு என்று அக்காளே கேலி செய்வார். வள்ளக்காரருக்கு ஒரே மகள், பதினாறு வயது. எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் பாட்டில்களுக்கு லேபிள் எழுதித் தந்தது அவள்தான். அந்த வீட்டில் அவள் அப்பாவைத் தேடியதைவிட மாமனைத் தேடியதுதான் அதிகம்.

முதல் நாள் வள்ளத்தில் ஏறியதும் வள்ளக்காரர் பலகையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"சார், கெழக்க பாத்து உக்காருங்க. கரைக்கு முதுகு காட்டணும்."

கடல் பழகாதவனுக்குத் தலை சுற்றாமல் இருக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓரிரு தீவுகளைச் சுற்றிவிட்டு ஓர் இடத்தில் பாய் இறக்கினார்கள். இரண்டு பேரும் கரையைப் பார்த்தபடி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று துடுப்பை அசைத்தார்கள். நான் என்ன பார்க்கிறார்கள் என்று திரும்பப் போனேன். மச்சினன் என் தோளைத் தொட்டு மறுபடியும் கிழக்கே திருப்பிவிட்டார். முரட்டுத்தனமாக இல்லை, குழந்தையைத் திருப்புவது மாதிரி.

காரணத்தை அன்றைக்கே தெரிந்துகொண்டேன். கடலில் மீன் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. அடியில் பாறையும் பவளமும் இருக்கும் மேட்டில்தான் கூடும். பார் என்பார்கள். பெரிய பார்களை ஊரே அறியும். ஆனால் சில சின்னப் பார்கள் ஒரே குடும்பத்துக்குத்தான் தெரியும். கரையில் இருக்கும் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு புகைபோக்கியும் நேர்கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு தீவு முனையும் மற்றொரு அடையாளமும் ஒன்றாக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வள்ளம் நிற்கும்போது அடியில் பார். அந்த அடையாளத்தை அப்பா மகனுக்குச் சொல்வார், அவ்வளவுதான். வள்ளக்காரருக்கு மகன் இல்லாததால் மச்சினனுக்குச் சொல்லியிருந்தார். தூரத்தில் வேறொரு பாய் தெரிந்தால்கூடத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, சும்மா வலை தைப்பது போல விலகிப் போய்விடுவார்கள். வெளியாளை ஏற்றினால் கரைக்கு முதுகு காட்டி உட்காரவைப்பார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வலையெல்லாம் சும்மா காயும். அப்போது அந்த ஒரு பாரில் கிடைக்கும் விளைமீனும் கலவாயும்தான் அந்த வீட்டு அடுப்பு. அந்த அடையாளங்கள் எவை என்று இன்றைக்கு எழுதினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இருந்தாலும் எழுதமாட்டேன்.

ஏழெட்டு மாதம் ஒழுங்காகக் கிழக்கே பார்த்தே உட்கார்ந்திருந்தேன். மச்சினன் முங்கிக் கொண்டுவருவதைப் பாட்டிலில் போடுவேன். கடல்குதிரை, நட்சத்திரமீன், மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட பவளம். அடியில் எப்படி இருக்கிறது என்று நானே பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. நீந்தத் தெரியாது. ஒரு மண்ணெண்ணெய் டின்னின் அடியை வெட்டி, கண்ணாடி பதித்து, சுற்றிலும் தார் பூசி எடுத்துக்கொண்டு போனேன். அதைத் தண்ணீரில் அழுத்தி உள்ளே முகத்தை விட்டுப் பார்த்தால் இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழத்துக்கு அப்படியே தெரிந்தது. பந்தியில் இலைகளை நெருக்கிப் போட்டது போலப் பவளத் தட்டுகள். ஊதா, மஞ்சள், பழுப்பு. அவற்றுக்கு இடையே கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம்கூடக் கேட்பதாக எனக்குத் தோன்றியது. நான் ஏதோ கத்தியிருக்க வேண்டும். வள்ளக்காரர் டின்னை வாங்கித் தானும் முகத்தை விட்டார்.

ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. அவர் முங்குகிறவர் இல்லை. சின்ன வயசிலிருந்து அந்தப் பாரின்மேல் உட்கார்ந்து மீன் பிடித்திருக்கிறார், அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது முகமெல்லாம் தண்ணீர். கடல்தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

"இதுக்கு மேலயா சார் இத்தன நாளு உக்காந்திருந்தேன்" என்றார்.

அன்று திரும்பும் முன் அவர் மச்சினனிடம் சொன்னார்: "சார் திரும்பி உக்காரட்டும்ல. கரையாளுக்கு அடையாளம் பிடிபடாது. பிடிபட்டாலும் சார் நம்மாளு." மச்சினன் வேண்டாம் அத்தான் என்றார். ஒரு தடவைதான் சொன்னார். நான் அதற்குள் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

கரையாளுக்குப் பிடிபடாது என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. பத்து வருஷம் கடலில் கிடந்தால்தான் கண்ணில் அந்தக் கோடு விழும், நிலத்தில் நடக்கிறவன் ஆயிரம் தடவை பார்த்தாலும் கோபுரத்தைக் கோபுரமாகத்தான் பார்ப்பான் என்பார்கள். அது உண்மையும்கூட. எனக்குக் கண்ணில் விழவில்லை. ஆனால் என் பையில் என்.சி.சி. அறையிலிருந்து வாங்கிய காம்பஸ் இருந்தது. அடுத்த முறை போனபோது, அவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கையில் கோபுரத்துக்கு ஒன்று, தீவு முனைக்கு ஒன்று என்று இரண்டு கோணம் எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டேன். மறைத்துச் செய்யவில்லை. வள்ளக்காரர் பார்த்தார், கடிகாரமா சார் என்று கேட்டார். திசை காட்டும் என்றேன். திசை தெரியாமலா வந்திருக்கீய என்று சிரித்தார். எடுத்த இடத்தைக் குறிக்காத ஸ்பெசிமன் வெறும் குப்பை என்று எங்களுக்குப் பாடம் சொல்லியிருந்தார்கள். பாட்டில் லேபிளுக்காகத்தான் எடுத்தேன். சத்தியமாக அவ்வளவுதான். இந்தச் சத்தியத்தை எனக்கு நானே எத்தனை தடவை செய்துகொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அடுத்த வருஷம் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். வேம்பாரிலிருந்து தாமிரபரணி முகத்துவாரம் வரை ஒரு பெரிய படம் வரைந்தேன். ஒரு மாதம் ராத்திரி பகலாக உழைத்தேன். உப்பளத்தில் பூநாரை, தீவுகளில் ஆமை, ஆற்றுமுகத்தில் ஆலா, எல்லாம் வண்ணத்தில். நடுவே கடலில் ஒரு சிவப்புப் புள்ளி. கரையிலிருந்து ஒன்றும் தீவு முனையிலிருந்து ஒன்றுமாக இரண்டு புள்ளிக்கோடுகள் வந்து அதில் சந்திக்கும். பக்கத்தில் கோணமும் ஆழமும். மேலே கொட்டை எழுத்தில், 'இதுவரை அறியப்படாத பவளப்பார்' என்று எழுதினேன். மூன்று தலைமுறையாக அதை அறிந்த குடும்பத்துக்காரர் ஒரு மைல் தூரத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாளும் படத்தின் பக்கத்திலேயே குச்சியோடு நின்றேன். தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாள் மதியம் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, நல்ல மரியாதையான பேச்சு. மற்றவர்கள் பூநாரைப் படத்தைப் பார்த்துவிட்டுப் போக, அவர் சிவப்புப் புள்ளியின் முன்னால் நின்றார். எத்தனை பாகம் ஆழம், பவளம் உயிரோடு இருக்கிறதா செத்த கல்லா, எவ்வளவு அகலம் இருக்கும் என்று கேட்டார். இப்படி விவரமாகக் கேட்கும் ஆள் கிடைத்தாரே என்று எனக்கு வாயெல்லாம் பல். உங்களைப் போன்றவர்கள் இந்த ஊருக்கு வந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றார். ஒரு நகல் கிடைக்குமா என்றார். அன்று மாலையே டிரேசிங் தாளில் நானே நகல் எடுத்து, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். யார், என்ன தொழில் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் சுண்ணாம்புக் காளவாசல்களுக்குக் கடல்கல் எடுத்துக் கொடுக்கும் காண்டிராக்டர் என்று பியூன் மறுநாள் சொன்னார். அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை. தட்டியது, அதை அணைத்துவிட்டேன் என்பதே சரி.

அந்த நாட்களில் தீவோரங்களில் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளங்களில் ஏற்றிவந்து சுண்ணாம்புக்குச் சுடுவார்கள். அனுமதி வாங்கித்தான் செய்தார்கள். யாரும் அதைத் தவறென்று சொன்னதில்லை. புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். ஊர் முழுக்கக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் காளவாசல் பக்கம் போனபோது நாற்றம் முகத்தில் அடித்தது. புதுப் பவளம் வெயிலில் சாகும் நாற்றம். கரையில் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். அதில் தட்டுத் தட்டாகக் கிடந்தது. டின்னுக்குள் முகத்தை விட்டு நான் பார்த்த தட்டுகள். இன்னும் முழுக்க வெளுக்கவில்லை. ஒரு மடிப்பில் சின்ன நண்டு ஒன்று உயிரோடு ஓடியது. அதை எடுத்துக் கடலில் விட்டேன். அதைச் செய்துவிட்டதாக மனசுக்குள் ஒரு நிம்மதி வேறு வந்தது.

வள்ளக்காரர் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார். தன் பாரின்மேல் ஆறு வள்ளங்கள் நங்கூரம் போட்டு நிற்பதைக் கண்டு திரும்பி வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று மகள் வந்து சொன்னாள். மூன்றாம் நாள் மாதா கோயில் வாசலில் பூசை முடிந்து ஊரே வெளியே வரும்போது மச்சினனைப் பிடித்து நிறுத்தினார். முந்தின வருஷம் அந்த மச்சினன் அதே காண்டிராக்டரிடம் வேறொரு தீவில் கல் பெயர்க்கும் வேலைக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். சங்கு குளிக்கிறவர்கள் சீசன் இல்லாதபோது செய்கிற வேலைதான். ஆனால் அடையாளம் தெரிந்தவன் வேறு யார்? மச்சினன் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன் என்று கோயிலுக்குள் திரும்பினார். பொய்ச் சத்தியம் வேற பண்ணாதல என்று வள்ளக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். சட்டை கிழிந்ததாம். அன்றோடு அந்த வீட்டு வாசலை மச்சினன் மிதிக்கக் கூடாது என்று ஆயிற்று. தம்பி வீட்டுக்குப் போனால் அங்கேயே இருந்துகொள் என்று மனைவியிடமும் சொல்லிவிட்டார்.

என் பெயர் யார் வாயிலும் வரவில்லை. சார் கரையாள். கரையாளுக்குப் பிடிபடாது. படம் வரைந்தால் கடலைக் கடுதாசியில் எடுத்துப் போகலாம் என்பது அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த நம்பிக்கைக்குள் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்.

நான் அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு முறை அவர் தெருமுனை வரை போனேன். அடிப்பார் என்ற பயம் இல்லை. அவர் அடிக்கமாட்டார். சார் நம்மாளு என்று சொன்ன அந்த முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஊரில் என்னைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்ட ஒரே வீடு அது. அதை இழக்க மனசில்லை. அதற்காக அவர்கள் ஒருவரை ஒருவர் இழந்தால் இழக்கட்டும் என்று விட்டேன். இப்படிப் பச்சையாக அப்போது நினைக்கவில்லை. ஆனால் நடந்துகொண்டது இப்படித்தான்.

ஒருநாள் மச்சினன் கல்லூரிக்கே வந்தார். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மாணவர்கள் தவளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வராந்தாவுக்குக் கூட்டிவந்தேன். என் படம் அப்போதும் உள்ளே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றாலே தெரியும். அவர் அதைப் பார்த்தாரா, பார்த்தும் புரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நான் சொல்லல சார்" என்றார். "அத்தானும் சொல்லியிருக்க மாட்டாவ. வள்ளத்துல மூணு பேருதான் இருந்தோம்."

நான் மாணவர்கள் பக்கம் பார்வையைத் திருப்பினேன்.

"உங்கள ஒண்ணும் கேக்க வரல. அத்தான்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, அவன் இல்லன்னு. நீங்க சொன்னா கேப்பாவ. யாருன்னு சொல்ல வேண்டாம்."

அவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம், அவன் இல்லை என்று சொன்னால் போதும். எனக்குக் கேட்டது வேறு. இந்த ஆள் என்மேல் சந்தேகப்படுகிறான் என்பதுதான் கேட்டது. முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லையே, குடும்ப விஷயத்தில் நான் எப்படித் தலையிட முடியும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சரி சார் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே படத்தைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டேன். பிறகு அவர் வேம்பாரில் மாமனார் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கல் எடுத்து முடித்து வள்ளங்கள் போனபிறகு, டின்னோடு வாருங்கள் என்று வள்ளக்காரர் என்னை அழைத்தார். புதிதாக ஓர் ஆளைச் சேர்த்திருந்தார். எங்கே உட்காருவது என்று நான் தயங்கினேன். இனிமே எங்கன உக்காந்தா என்ன சார் என்றார். அடியில் ஒன்றுமில்லை. வெள்ளைச் சேறும் உடைந்த துண்டுகளும். ஒரு மீன் நேராக வந்து, என்ன தேடுகிறதோ, திரும்பிப் போயிற்று. இது மறுபடி வளருமா என்று கேட்டார். அதற்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். நம் காலத்தில் வளராது என்றேன். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. அந்தக் கச்சான் காலத்தில் அவர் துறைமுக வேலைக்குக் கல் சுமக்கப் போனார்.

மறுவருஷம் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மணப்பாட்டு மாப்பிள்ளை, கப்பலில் வேலை. பத்திரிகையை முதலில் எனக்குத்தான் கொண்டுவந்தார். அந்தக் குடும்பங்களில் பெண்ணை வீட்டிலிருந்து கோயில் வாசல்வரை கைபிடித்துக் கூட்டிப்போவது தாய்மாமன். அவர் கை பிடிக்காமல் பெண் படி இறங்கமாட்டாள். தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் என்று மனைவி எத்தனையோ கெஞ்சியும் வள்ளக்காரர் மசியவில்லை. அவன் நிழல் என் வாசலில் விழக் கூடாது என்று ஒரே பிடி.

கல்யாணத்தன்று காலையில் போனேன். பெண் அலங்கரித்து முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. பாண்டுக்காரர்கள் தெருவில் காத்திருந்தார்கள். யார் கைபிடிப்பது என்று பெரியவர்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா, பங்காளி என்று பெயர்கள் அடிபட்டன. வள்ளக்காரர் எழுந்தார், நேராக என்னிடம் வந்தார்.

"சார் நிக்கட்டும்" என்றார். "சொந்த மச்சினன் செய்யாத ஒண்ண சார் செஞ்சிருக்காரு. நம்ம சங்கதிய ஒருத்தங்கிட்ட வாய் தொறக்கல."

நான் வேறு சாதி, வேறு சாமி, சரிப்படாது என்று முனகினேன். கோயில் வாசல்வரைதானே, உள்ளே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பெண்ணின் அம்மா என் முன்னால் வந்து நின்றார். எந்தம்பி நிக்க வேண்டிய எடம் சார், நீங்க நின்னா அவன் நின்ன மாதிரி என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை என்று எழுதலாம். வந்தது. சரி என்று சொன்னேன்.

பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். கை சில்லென்று இருந்தது. முன்னால் பாண்டு, பின்னால் சனம். எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கோயிலுக்குத் திரும்பும் முனையில் மச்சினன் நின்றுகொண்டிருந்தார். வேம்பாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். புது வேட்டி, சலவைச் சட்டை. இரண்டு கையிலும் ஒரு தாம்பாளம், அதில் புடவையும் பூவும் பழமும். தாய்மாமன் சீர். கூட யாரும் இல்லை.

பாண்டு தானாக நின்றது. வள்ளக்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மச்சினன் முதலில் அக்காள் மகளைப் பார்த்தார். பிறகு அவள் கை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார். அதன்பிறகு என் முகத்தைப் பார்த்தார். தாம்பாளத்தோடு ஓர் எட்டுப் பின்னால் வைத்து, நாங்கள் போவதற்கு வழிவிட்டார்.

"மாமா" என்றாள் பெண், எனக்கு மட்டும் கேட்கிற அளவில். என் கைக்குள்ளிருந்த அவள் விரல்கள் உருவிக்கொள்ளப் பார்த்தன. அப்பா, அம்மா, மாமன், ஊர்ச்சனம் எல்லோரும் அங்கே இருந்தார்கள், பாண்டுச் சத்தம்கூட இல்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.